உடைவிளைக் குருசை நட்டவன் நான்

சிப்பித்துறையில் முதல் ஐஸ் ஃபேக்டரி கட்டியவன் நான். தேரி மணலில் அஸ்திவாரம் நிற்காது, ஒரு ஆடிக்காற்றுக்குக் கூடத் தாங்காது என்று தூத்துக்குடியிலிருந்து வந்த இஞ்சினியர் தலையை ஆட்டினார். ஃபேக்டரி நிற்கிறது. இஞ்சினியர் எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. புல்கூட முளைக்காது என்று எல்லோரும் கைவிட்ட களரில் உப்பளம் போட்டேன். புல் முளைக்காத இடத்தில்தான் உப்பு நன்றாக விளையும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லாரி வாங்கினேன். லாரி நிற்க ஷெட் கட்டினேன். கல்யாண மண்டபம் கட்டினேன். 'இவன் மண்டபத்திலயா நம்ம வீட்டுக் கல்யாணம்' என்று முகத்தைச் சுளித்தவர்களே இன்றைக்குத் தேதி கேட்டு வாசலில் நிற்கிறார்கள். இவ்வளவும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தது. என் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து, பனை சீவுகிற ஒரு பாளை அரிவாள் மட்டும்தான்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் முதன்முதலில் கட்டி நிறுத்தியது இவற்றில் எதுவும் இல்லை. அது ஓர் ஊரின் எல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அதைத்தான் இப்போது வேறு யார் பெயரிலோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிப்பவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்கக் கூடாது.

போன ஆடி மாதம் எங்கள் உடைவிளையில் ஒரு பலகை திறந்தார்கள். தூத்துக்குடியில் பழம்பெருமை பேசுகிற சங்கம் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள். முத்துக்குளித்துறை என்கிற பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்துப் படம் போடுவது அவர்கள் வேலை. முத்துக் குளிப்பு நின்று வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் அந்தப் பெயருக்குள் இருப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. கிழக்கே கடல்; அதில் தகராறு இல்லை. மேற்கே எதுவரை என்பதில்தான் அவர்களுக்குள் அடிதடி. கடைசியில் எங்கள் உடைவிளை மேட்டில் நிற்கிற குருசைப் பார்த்துவிட்டார்கள். குருசு என்றால் சிலுவை. கடற்கரையில் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்.

மேடை போட்டுக் கொடுத்தது நான். சாப்பாடு என் மண்டபத்தில் சமைத்தது. என்னை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெரிய படிப்பாளி எழுந்து, "இந்தக் குருசு பறங்கியர் காலத்தில் நட்டது. முத்துக்குளித்துறையின் பண்பாட்டு எல்லை அன்று முதல் இன்றுவரை இந்த மேட்டைவிட்டு ஓர் அடிகூட அசையவில்லை" என்றார். கைதட்டினார்கள். பிறகு குருசைத் தடவிப் பார்த்து, "இது பழங்காலத்துச் சுண்ணாம்புக் கலவை" என்றார். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அந்தக் கலவை என் ஐஸ் ஃபேக்டரி அஸ்திவாரத்தில் மிஞ்சிய கான்கிரீட். பழைய மரக்குருசு இற்றுப்போனபோது அதே குழியில் நான் ஆள் வைத்து வார்த்தது. பறங்கியன் கப்பலில் சிமெண்ட் மூட்டையா ஏற்றிக்கொண்டு வந்தான்?

எழுந்து கையைத் தூக்கினேன். மைக் வைத்திருந்த பையன் ஓடிவந்து, "அண்ணாச்சி, சாப்பாடு ரெடியாயிட்டு, பொறவு பேசுவோம்" என்றான்.

"இந்தக் குருசை நட்டவன் நான்தாம்லே" என்றேன்.

படிப்பாளி மேடையிலிருந்தே சிரித்தார். "அண்ணாச்சி, ஐஸைப் பத்தின்னா நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கோம். இது வரலாறு."

சபையே சிரித்தது. நான் போட்டுக் கொடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்.

சரி, வரலாற்றையே சொல்லுகிறேன்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கடலோரத்தில் சிப்பித்துறை, மாதா கோயிலைச் சுற்றி வீடுகள், எல்லாம் கடலில் போய்ப் பிழைக்கிற குடும்பங்கள். மேற்கே நடந்தால் வெள்ளை மணல் மெல்ல மெல்லச் சிவப்பாகும். அதற்கப்புறம் தேரி, சிவந்த மணல் மேடுகள், பனங்காடு. அந்த மேடுகள் ஓர் இடத்தில் நிற்காது. ஆடிக்காற்று ஒரு பக்கம் அள்ளி இன்னொரு பக்கம் கொட்டும். நேற்று வேலி இருந்த இடத்தில் இன்றைக்கு மேடு இருக்கும். வெள்ளையும் சிவப்பும் கலக்கிற இடத்தில் ஒரு கைப்பிடி வீடுகள். அதுதான் உடைவிளை. உடைமரமும் முள்ளும்தான் அதிகம் என்பதால் அந்தப் பெயர்.

அங்கே இருந்தவர்கள் எல்லாம் எங்கேயும் ஒட்டாதவர்கள். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறவர்கள், அளத்துக்கு உப்பு வாரப் போகிறவர்கள், அப்புறம் நாங்கள். அப்பா தேரிக்காரர், பனையேறி. அம்மா சிப்பித்துறைக்காரி. அம்மாவைக் கட்டுவதற்காக அப்பா ஞானஸ்நானம் எடுத்தார். அத்தோடு தேரிப் பக்கத்து உறவு அறுந்தது. கடற்கரைப் பக்கத்து உறவு ஒட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் உண்டு. வாசலுக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கமும் இல்லை.

எது கடற்கரை, எது தேரி என்று அந்தக் காலத்திலும் ஆளுக்கொரு அளவு வைத்திருந்தார்கள். மீன் விற்கிற பெண்களைக் கேட்டால், கூடை மீன் வாடாமல் போய்ச் சேருகிற தூரம் எல்லாம் கடற்கரை. கருப்பட்டி வியாபாரியைக் கேட்டால் பனை நிழல் விழுகிற இடமெல்லாம் தேரி. நாசரேத்துப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்கு, உப்புக்காற்றில் சட்டைப் பித்தான் துருப்பிடிக்கிற ஊரெல்லாம் கடற்கரை. பிற்பாடு சாகுபுரத்தில் ஆலை வந்ததும் சங்குச் சத்தம் கேட்கிற ஊர், கேட்காத ஊர் என்று ஒரு புதுக் கணக்கு வந்தது. என்னை வைத்தே சொல்லுகிறேன். மீன்பாடு அதிகமாகி ஐஸ் வேண்டும் என்றால் நான் கடற்கரைக்காரன். கோயில் கமிட்டிக்கு நிற்கிறேன் என்றால் தேரிக்காரன். எல்லை அசையவே இல்லையாம்! என் ஒருவன் தலைமேலேயே அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் சிப்பித்துறைக்கு என்று ஓர் அளவு இருந்தது, அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆடியில் மாதா திருவிழா. சாயங்காலம் மாதா சொரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, இளவட்டங்கள் தோளில் தூக்கி, ஊரைச் சுற்றி வருவார்கள். மேற்கே போய் ஓர் இடத்தில் திரும்புவார்கள். திரும்புகிற இடத்தில் ஒரு மரக்குருசு நட்டிருக்கும். சப்பரம் எங்கே திரும்புகிறதோ அதுதான் ஊர் எல்லை. குருசு இல்லாத இடத்தில் சப்பரத்தைத் திருப்பக் கூடாது. முன்வைத்த காலைப் பின்வைத்து வரவும் கூடாது. இவை இரண்டும் எங்கள் ஊர்ச் சட்டம்; எழுதி வைக்காத சட்டம் என்பதால் அதை யாராலும் திருத்த முடியவில்லை.

அந்தக் குருசு எங்கள் உடைவிளைக்குக் கிழக்கே, ஒரு உடைமரத்தடியில் நின்றது. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் திரும்பிப் போகிற சப்பரத்தின் முதுகு தெரியும். அவ்வளவுதான்.

முதுகைப் பார்ப்பதில் ஒன்றும் வருத்தமில்லை. தண்ணீர்தான் வருத்தம். அந்த வட்டாரத்துக்கே நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு ஒன்றுதான், கோயிலுக்குப் பின்னால். சப்பரம் சுற்றுகிற எல்லைக்குள் இருக்கிற வீடுகளுக்கு முதல் முறை. மற்றவர்கள் அவர்கள் எல்லாம் இறைத்து முடிந்த பிறகு. மற்ற மாதங்களில் பரவாயில்லை. ஆடியில் ஊற்று மெலிந்துவிடும். எங்கள் முறை வரும்போது வாளியில் வருவது தண்ணீரா மணலா என்று சொல்ல முடியாது. அம்மா பிறந்த வீடு அந்தக் கிணற்றுக்குப் பக்கத்துத் தெரு. அவளோடு சிப்பி பொறுக்கி விளையாடியவர்கள் எல்லாம் குடம் நிறைத்துக்கொண்டு போவார்கள். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்பாள். நானும் பக்கத்தில் நிற்பேன்.

அந்த முதல் முறைக்காரிகளில் என் அத்தையும் ஒருத்தி. அம்மாவின் அண்ணன் மனைவி. வாய் நீளம்.

"ஏளா, தேரிக்காரிக்கு என்ன அவசரம்? மரத்துல ஏறுனா பதநீ வடியுதுல்லா, அதக் குடிச்சாப் போச்சு."

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "குடிக்கலாம் மதினி. அதுல மீன் கொழம்பு வைக்கத் தெரியல. ஒங்களுக்குத் தெரிஞ்சா பக்குவம் சொல்லுங்க."

எல்லாப் பெண்களும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். ஆனால் முறை மட்டும் மாறாது.

மாமா வேறு மாதிரி. அம்மாவின் ஒரே அண்ணன். அம்மா கல்யாணம் செய்த நாளிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. நல்ல ஆகிருதி, சப்பரத்தில் வலப்பக்க முன்தண்டு அவருடைய தோளுக்கு என்று ஊரே ஒதுக்கி வைத்திருந்தது. முன்தண்டுக்காரன் வைக்கிற எட்டுக்குத்தான் மற்றவர்கள் எட்டு வைக்க வேண்டும். ஒரு நாள் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். நான் போய் "மாமா" என்றேன். அம்மா சொல்லித் தரவில்லை, நானாகத்தான் போனேன்.

திரும்பிப் பார்த்தார். "யாருக்குலே மாமா? குருசுக்கு இங்கிட்டு இருக்கவந்தான் எனக்கு மருமவன். நீ அங்கிட்டு இருக்கவம்லா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கேள்வியும் வந்தது. "குருசு எங்க வீட்டுக்கு அங்கிட்டுப் போயிட்டா?" என்று கேட்டேன்.

"குருசுக்குக் காலா மொளைக்கும்? போலே!" என்று சொல்லிவிட்டு வலையை உதறினார். ஆனால் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருஷம் ஆடிக்காற்று பேயாக அடித்தது. தேரி மணல் எழுந்து கடல் வரைக்கும் போயிற்று. எங்கள் வெள்ளாட்டைத் தேடிக்கொண்டு போன நான், உடைமரம் வேரோடு சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். குருசும் விழுந்து, பாதி மணலுக்குள் போயிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. குருசுக்குக் கால் முளைக்காதுதான். எனக்கு இருந்ததே.

தற்செயலாக நடந்தது என்று யாரும் பின்னால் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்லுகிறேன். தெரிந்துதான் செய்தேன். கையால் மணலைத் தோண்டினேன். ஆட்டுக் கயிற்றைக் குருசின் கையில் கட்டி, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தேன். பழைய வள்ளத்துப் பலகையில் செய்த குருசு. உப்பில் ஊறி இரும்பாக இருந்தது. விழுந்தேன், எழுந்தேன், ஆட்டை மறந்தேன். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது இடுப்புத் தோல் வழன்றிருந்தது.

அப்பா பார்த்துப் பதறிவிட்டார். "ஏலே, எங்கயிருந்துலே இத இழுத்துட்டு வார? கடக்கரைக்காரன் பாத்தா உரிச்சிருவான். எடுத்த எடத்துல கொண்டு போட்டுட்டு வா."

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தாள். குருசு தரையில் கிடப்பதைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். விழுந்த குருசைக் கண்டவர் அதைக் கிடக்க விடக் கூடாது, உடனே நிறுத்த வேண்டும் என்பது கடற்கரைப் பழக்கம். "போடாதீக, போடாதீக! மாதாவே! மொதல்ல நிமித்துங்க. காத்து நிக்கட்டும், பொறவு ஊர்க்காரங்க வந்து எடுத்துக்கிடட்டும்" என்றாள்.

"எங்கன நிமித்த?" என்று அப்பா கேட்டார். வாசலுக்கு முன்னால், கிழக்குப் பக்கம் மண்வெட்டியை வைத்தார்.

கிழக்கே நட்டால் நாங்கள் பழையபடி வெளியே. "அங்கன வேண்டாம்ப்பா, பள்ளம். மண்ணு மூடிரும். மேட்டுல நடுவோம்" என்றேன். மேடு வீட்டுக்கு மேற்கே இருந்தது. பள்ளத்தில் மணல் மூடும் என்பது தேரிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். குழி தோண்டியது அப்பா. குருசைப் பிடித்து நிறுத்தியதும் காலால் மண்ணை மிதித்து இறுக்கியதும் நான். இடம் சொன்னதும் நான். இந்த இடத்தில்தான் பறங்கியன் நட்டான் என்று பலகை சொல்லுகிறது.

திருவிழா வந்தது. அந்தக் காற்றுக்குப் பயந்து அதுவரை ஒருவரும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சப்பரம் புறப்பட்ட சாயங்காலம் வானமே செவேலென்று கிடந்தது. தேரிப் புழுதி அப்படிப் பறந்தது. பிடித்த மெழுகுவர்த்தி ஒன்றுகூட நிற்கவில்லை. பட்டுக்குடையை மடக்கிவிட்டார்கள். தண்டு தூக்குகிறவர்கள் மூக்கோடு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. சப்பரம் எங்கே திரும்பப் போகிறது என்பதிலேயே கண். வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா உள்ளே போய்விட்டாள், பயம் அவளுக்கு.

சப்பரம் விழுந்து கிடந்த உடைமரத்துப் பக்கம் வந்தது. கமிட்டித் தலைவர் முன்னால் ஓடிவந்து கையை ஆட்டினார். "இங்கனதான், இங்கனதான்! திருப்பு!"

மாமா நிற்கவில்லை. அதே எட்டு.

"ஏலே, ஒனக்குத்தான் சொல்லுதேன். மரத்தப் பாரு. இங்கன திருப்புலே!"

"குருசு எங்க?" என்றார் மாமா, துண்டுக்குள்ளிருந்து.

தலைவர் கீழே பார்த்தார். மணல்தான் இருந்தது. "விழுந்திருக்கும்லே. காத்துல விழுந்திருக்கும்."

"குருசு இல்லாத எடத்துல எப்பிடித் திருப்ப? அந்தா மேட்டுல நிக்கில்லா குருசு!"

"அது எப்பிடில அங்கன போச்சு?"

"அத மாதாட்டக் கேளும். எனக்குத் தோள் வலிக்கி. வழிய விடும்."

பின்தண்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. முன்தண்டு நடந்தால் அவர்களும் நடக்க வேண்டியதுதான். மேளக்காரர்கள் சப்பரம் நடக்கிறதே என்று அடித்துக்கொண்டு வந்தார்கள். செபமாலை சொல்லிக்கொண்டு வந்த பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். தலைவர் ஒருவர்தான் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கத்தினார். எங்கள் வீட்டு வாசலைச் சப்பரம் கடந்தது. மாதாவின் முகத்தை அன்றைக்குத்தான் நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். அம்மா வெளியே ஓடிவந்து, நேர்ச்சைக்கு எறிகிற வழக்கப்படி, கையில் கிடைத்த உப்பையும் மிளகையும் அள்ளிச் சப்பரத்தின் மேல் எறிந்தாள். அழுதுகொண்டே எறிந்தாள். காற்றுக்குப் பாதி என் கண்ணில் விழுந்தது.

மேட்டில் குருசடியில் சப்பரத்தை இறக்கிக் கால்களில் நிறுத்தினார்கள். பங்குச் சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தெளித்த பிறகு எல்லை எல்லைதான். தலைவருக்கு மட்டும் ஆறவில்லை. மாமாவின் முன்னால் போய் நின்றார்.

"வேணும்னுதான செஞ்ச?"

"என்னத்த வேணும்னு? மேக்க வெயிலு மூஞ்சில அடிக்கி. கண்ணு கூசிட்டு. குருசு ஒண்ணுதான் தெரிஞ்சிது. அதப் பாத்து நடந்தேன்."

பிறகு மாமா என் பக்கம் திரும்பினார். "என்னலே, குடிக்கத் தண்ணி இருக்கா?"

அம்மா செம்பில் கொண்டுவந்தாள். அண்ணனுக்கு அவள் தண்ணீர் கொடுத்து எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ. அவளைப் பார்க்காமலேயே வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். செம்பைச் சாய்த்து அடியில் தங்கியிருந்த மணலைத் தலைவர் காலடியில் கொட்டினார்.

"ஊருக்குள்ள இருக்க வீட்டுத் தண்ணியா இது? சவத்தெளவு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நான் பாடுபட்டு எல்லையை நகர்த்தி வைத்திருக்கிறேன். இந்த மனுஷன் வெயிலில் கண் கூசி வந்துவிட்டு, அம்மா கொடுத்த தண்ணீரை ஊர் முன்னால் பழிக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். அன்றைக்கு முழுதும் அவரை மாமா என்று கூப்பிடுவதில்லை என்று சபதம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மா பழக்கப்படி வேலியோரம் போய் நின்றாள். அத்தைதான் கிணற்றடியிலிருந்து கத்தினாள். "ஏளா, அங்கன என்ன சிலையாட்டம் நிக்கே? எல்லைக்குள்ள வந்துட்டு வேலியில நின்னா என்ன அர்த்தம்? வரிசையில வா. எனக்குப் பின்னால வா, முன்னால வந்துராத."

அம்மா வரிசையில் நின்றாள். அன்றைக்கு நாங்கள் குடித்த தண்ணீரின் ருசியை நான் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. லாட்ஜ் லாட்ஜாகப் பாட்டில் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. எங்கள் வீடு மட்டுமில்லை. சுண்ணாம்புக்காரர்கள் வீடு, அளத்து வேலைக்காரர்கள் வீடு, உடைவிளை முழுவதும் அன்றைக்கு ஊருக்குள் வந்தது. குருசைத் திரும்பக் கிழக்கே கொண்டுபோக வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்துகொண்டே இருந்தது. ஆனால் சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்த குருசைப் பிடுங்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அப்புறம் அது பழக்கமாயிற்று. பழக்கம் பழையதாயிற்று. பழையது இப்போது பறங்கியர் காலமாகிவிட்டது.

இவ்வளவு காலமும் இதை என் ஒருவன் சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போதும் மாமாவை ஒரு கண் கூசின மனுஷனாகத்தான் சொல்லிவந்தேன். அவர் செத்தபோது நான்தான் ஐஸ் பெட்டி கொடுத்தேன். பெருந்தன்மையாகக் கொடுத்ததாகவே எனக்கு நினைப்பு.

பலகை திறந்த அன்றைக்கு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நான் மட்டும் குருசடியில் நின்றேன். அவமானத்தில் சோறு இறங்கும் என்று தோன்றவில்லை. கூட்டம் நீண்டு அப்போதே சாயங்காலமாகியிருந்தது. ஆடிக்காற்று அடித்தது. சாமியானாத் துணி படபடத்தது. புழுதி மேலே ஏறி, வானம் அன்றைக்குப் போலவே செவேலென்று ஆயிற்று. நான் மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பக்கம் சூரியன் இருக்கிறது என்றே தெரியவில்லை. என் கண் கூசவே இல்லை.

அன்றைக்கும் வெயில் இல்லை. மெழுகுவர்த்தி நிற்காத, குடை மடக்கின, மூக்கைக் கட்டிக்கொண்டு நடந்த அந்தச் சாயங்காலத்தில் வெயில் எங்கேயிருந்து வந்திருக்கும்? அவர் கண்ணில் ஒன்றும் அடிக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் பார்த்தபடிதான் நடந்தார். மணலை யார் காலடியில் கொட்ட வேண்டும் என்று பார்த்துத்தான் கொட்டினார். வேலிப் படலைப் பிடித்து நின்ற ஒன்பது வயதுக்காரனுக்கு அது தெரியவில்லை. இவ்வளவு கட்டி முடித்த பிறகும் இவனுக்குத் தெரியவில்லை.

ஆகவே சங்கத்துக்காரர்களுக்குச் சொல்லுகிறேன். அந்தப் பலகையை எடுங்கள். எல்லை அசையவே இல்லை என்று எழுதியிருப்பது பொய். அதை ஒரு பனையேறி மகன் ஆட்டுக் கயிற்றில் இழுத்தான். ஒரு கடற்கரைக்காரர் இல்லாத வெயிலைச் சொல்லி அதுவரை சப்பரத்தைச் சுமந்தார். புதுப் பலகைக்கு ஆகிற செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். பறங்கியன் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். மாமா பெயரை என் பெயருக்கு மேலே, இன்னும் பெரிய எழுத்தில் போட்டாலும் எனக்குச் சம்மதம். ஆனால் என் பெயர் இல்லாமல் அந்தக் குருசடியில் இனி ஒரு கூட்டமும் நடக்கக் கூடாது. நாற்காலி என்னுடையது.